செல்வநாயகத்தின் அரசியல் வாழ்வும் சிறுபான்மையினர் சமத்துவமும்: 1948 குடியுரிமைச் சட்டத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இலங்கைத் தமிழரசுக் கட்சியை நிறுவிய சா. ஜே. வே. செல்வநாயகம் (1898–1977) பெரும்பாலும் மொழியுரிமைப் போராட்டத்தின் தலைவராகவும் கூட்டாட்சிக் கோரிக்கையின் தந்தையாகவும் அறியப்படுகிறார். அவருடைய தனி அரசியல் பாதை மொழிச் சிக்கலில் தொடங்கவில்லை. தம் வாக்காளர் அல்லாத மலையகத் தோட்டத் தொழிலாளர்களின் குடியுரிமைச் சிக்கலில் தொடங்கியது. இக்கட்டுரை அவருடைய வாழ்க்கையை அத்தொடக்கத்திலிருந்து வாசிக்கிறது. ஒரு தேசியத்தின் நேர்மையை, அது தனக்குள் இருக்கும் எண்ணிக்கையில் சிறிய, செல்வாக்கற்ற பிரிவினரை எவ்வாறு நடத்துகிறது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும் என்னும் கருத்து அவர் வாழ்வில் எங்கே உறுதியாக நின்றது, எங்கே தளர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: செல்வநாயகம், குடியுரிமை, மலையகத் தமிழர், தமிழ் பேசும் மக்கள், கூட்டாட்சி, சிறுபான்மையினர்.

முன்னுரை

தொப்பூர்க் கணவாய்க்கு இருபுறமும் விரிந்து கிடக்கும் நிலப்பகுதி 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2 வரை ஒரே சேலம் மாவட்டமாக இருந்தது. அன்று தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. பழைய சேலம் மாவட்டம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி முதலிய மாவட்டங்களைப் போலவே இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குத் தொழிலாளர்கள் சென்ற பகுதியாகும். பஞ்சமும் கடனும் சாதி ஒடுக்குமுறையும் அவர்களை ஊரைவிட்டு நகர்த்தின. கங்காணி முறை அவர்களைக் கடலுக்கு அப்பால் கொண்டு சேர்த்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பிறந்த மண்ணிலேயே நாடற்றவர்களாக்கப்பட்டபோது, அதனைத் தம் அரசியல் வாழ்வின் திருப்புமுனையாகக் கொண்டவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஒரு கிறித்தவ வழக்கறிஞர். ஆகவே செல்வநாயகத்தின் வாழ்வு இலங்கை வரலாற்றுக்கு மட்டும் உரியதன்று. தொழிலாளர்களை அனுப்பி வைத்த இந்த மாவட்டங்களின் வரலாற்றோடும் பிணைந்தது.

தேசியம் என்னும் கருத்தாக்கம் இருவகையாக விளக்கப்படுவது வழக்கம். ஒரு நிலப்பரப்பில் வாழ்வோர் அனைவரையும் சமமான குடிகளாகக் கொண்டு அமைவது ஒருவகை. மொழி, சமயம், குருதி ஆகியவற்றுள் ஒன்றை அடிப்படையாகக் கொண்டு, அதற்கு உரியோரை முதன்மைப்படுத்துவது மற்றொரு வகை. பெரும்பாலான நாடுகளில் இவ்விரண்டும் கலந்தே செயல்படுகின்றன. விடுதலை பெற்ற இலங்கை முதல்வகையின் மொழியில் பேசிக்கொண்டு இரண்டாம் வகையின் சட்டங்களை இயற்றியது. அம்முரண்பாட்டைத் தொடக்கத்திலேயே இனங்கண்டவர்களுள் ஒருவராகச் செல்வநாயகத்தைக் கொள்ளலாம்.

பிறப்பும் கல்வியும்

சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் 1898ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் மலாயாவின் ஈப்போ நகரில் பிறந்தார். அவருடைய தந்தை பிழைப்புத் தேடி யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா சென்றவர். செல்வநாயகம் சிறு குழந்தையாக இருந்தபோதே தாயுடனும் உடன்பிறந்தோருடனும் தெல்லிப்பழைக்குத் திரும்பினார். தெல்லிப்பழை யூனியன் கல்லூரியிலும், யாழ்ப்பாணம் பரி யோவான் கல்லூரியிலும், கொழும்பு பரி தோமாவின் கல்லூரியிலும் பயின்று, இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் இளநிலைப் பட்டத்தைப் புறநிலை மாணவராகப் பெற்றார்.

ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே சட்டம் பயின்று 1923இல் வழக்கறிஞரானார். உரிமையியல் வழக்குகளில் பெரும்பெயர் பெற்று, அரச வழக்கறிஞர் என்னும் தகுதியையும் எய்தினார். மேடையை ஆட்கொள்ளும் பேச்சாளர் அல்லர், மெல்லிய குரலினர், பிற்காலத்தில் நடுக்கவாத நோயாலும் செவிக்குறையாலும் துன்புற்றவர். உணர்ச்சிப் பேச்சே தலைமைக்கு வழியாக இருந்த காலத்தில், ஆவணத்தை வாசித்து அதன் விளைவைக் கணிக்கும் வழக்கறிஞரின் பழக்கமே அவருடைய வலிமையாக அமைந்தது.

அவருடைய பிறப்பிடமும் சமயமும் இவ்வாய்வுக்கு இன்றியமையாத செய்திகளாகும். புலம்பெயர்ந்த பெற்றோருக்கு அயல்நாட்டில் பிறந்தவர் அவர். இந்துக்கள் பெரும்பான்மையாக வாழும் சமூகத்தில் புரொட்டஸ்தாந்து கிறித்தவர். நாட்டளவில் தமிழராகவும் தமிழருக்குள் கிறித்தவராகவும் இருமுறை சிறுபான்மையினராக அவர் வாழ்ந்தார்.

அரசியல் நுழைவு

1944இல் ஜி. ஜி. பொன்னம்பலத்தின் தலைமையில் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் தோன்றியபோது செல்வநாயகம் அதன் முன்னணியினருள் ஒருவரானார். சோல்பரி ஆணைக்குழுவின் முன் பொன்னம்பலம் வைத்த கோரிக்கை, சட்டமன்ற இடங்களில் ஒரு பாதியைச் சிங்களருக்கும் மறுபாதியைச் சிறுபான்மையினர் அனைவருக்கும் ஒதுக்க வேண்டும் என்பதாகும். ஆணைக்குழு அதனை ஏற்கவில்லை. அதற்கு மாற்றாக அரசியலமைப்பின் 29ஆம் பிரிவில் ஒரு காப்பு சேர்க்கப்பட்டது. எந்தவோர் இனத்தாருக்கும் சமயத்தாருக்கும், பிறருக்கு இல்லாத தகைமையின்மையை விதிக்கும் சட்டத்தையோ, பிறருக்கு இல்லாத சலுகையை வழங்கும் சட்டத்தையோ நாடாளுமன்றம் இயற்றலாகாது என்பது அதன் சாரம்.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் செல்வநாயகம் காங்கேசன்துறைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். மலையகத் தொகுதிகளில் இலங்கை இந்தியன் காங்கிரசின் வேட்பாளர்கள் வென்றனர். வேறு சில தொகுதிகளில் தோட்டத் தொழிலாளர்களின் வாக்குகள் இடதுசாரிகளின் வெற்றிக்குத் துணைநின்றன. 1946ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இலங்கைத் தமிழர் நாட்டின் மக்கள்தொகையில் 11.0 விழுக்காடாகவும், இந்தியத் தமிழர் என்று கணக்கிடப்பட்டோர் 11.7 விழுக்காடாகவும் இருந்தனர். மலையக மக்கள் வடக்கு, கிழக்குத் தமிழரைவிட எண்ணிக்கையில் சற்றுக் கூடுதலாக இருந்தனர் என்பதை இக்கணக்கு காட்டுகிறது. அவர்களுடைய வாக்கு நீங்கினால் தமிழ் பேசுவோரின் நாடாளுமன்ற வலிமை ஏறக்குறையப் பாதியாகும் என்பது அரசுக்கும் தெரியும், செல்வநாயகத்துக்கும் தெரியும்.

1948 குடியுரிமைச் சட்டம்

விடுதலை பெற்ற ஆண்டிலேயே டி. எஸ். சேனநாயக்காவின் அரசு 18ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அச்சட்டத்தின்படி, இலங்கையில் பிறப்பது மட்டும் ஒருவரைக் குடிமகனாக்காது. இலங்கையில் பிறந்தவருடைய தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அயல்நாட்டில் பிறந்தவரோ, தந்தையும் தந்தைவழிப் பாட்டனும் இலங்கையில் பிறந்தவர்கள் என்று காட்டினால் வழிமுறைக் குடிமகனாகலாம்.

இவ்விதியின் பொருளை இரு நேர்வுகளைக் கொண்டு விளக்கலாம். ஈப்போவில் பிறந்த செல்வநாயகம், அவருடைய முன்னோர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள் என்பதால் இலங்கைக் குடிமகன். அட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, கொழுந்து பறித்து, வேறு ஊரையே காணாத ஒரு பெண், அவளுடைய தந்தை சேலம் மாவட்டத்தில் பிறந்தவர் என்றால் குடிமகள் அல்லள். பிறந்த இடத்தை நோக்கினால் வெளிநாட்டில் பிறந்தவர் அவர். உள்நாட்டில் பிறந்தவள் இவள். சட்டமோ பிறந்த மண்ணை விடுத்து வழிவந்த குருதியை நோக்கியது. தந்தை இலங்கையிலேயே பிறந்திருந்தாலும் அதனை மெய்ப்பிக்கும் சான்றிதழ் பெரும்பாலான தொழிலாளர் குடும்பங்களிடம் இல்லை.

சட்டத்தின் வாசகத்தில் தமிழர் என்ற சொல்லோ, தொழிலாளர் என்ற சொல்லோ இடம்பெறவில்லை. எல்லாருக்கும் ஒரே விதி என்னும் தோற்றம் இருந்தது. ஒரே விதி எல்லாரையும் ஒரே அளவில் தாக்காது என்பதே சிறுபான்மையினர் சமத்துவத்தின் அடிப்படைச் சிக்கல். சட்டத்தின் சொல்லைக் கொண்டு சமத்துவத்தை அளப்பதா, அதன் விளைவைக் கொண்டு அளப்பதா என்னும் இவ்வினா பின்னர் நீதிமன்றங்களுக்கும் சென்றது. வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட கோடாகன் பிள்ளை என்பவரின் வழக்கில், 1953இல் இலண்டன் பிரிவி கவுன்சில், குடியுரிமைக்கான தகுதிகளை வரையறுப்பது ஒரு நாட்டின் சட்டமன்றத்துக்கு இயல்பாக உரிய பணியே என்று கொண்டு, இச்சட்டங்கள் 29ஆம் பிரிவை மீறவில்லை எனத் தீர்ப்பளித்தது. சிறுபான்மையினருக்கு அளிக்கப்பட்ட ஒரே அரசியலமைப்புக் காப்பு முதற்சோதனையிலேயே பயனற்றுப் போயிற்று.

பிரிவும் புதிய கட்சியும்

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்ட முன்வரைவைத் தமிழ்க் காங்கிரஸ் எதிர்த்தே வாக்களித்தது. ஆயினும் அதன்பின் விரைவில் பொன்னம்பலம் சேனநாயக்காவின் அமைச்சரவையில் சேர்ந்தார். தொடர்ந்து வந்தது இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம். திருமணமானவர்கள் 1946 சனவரி 1க்கு முன் ஏழாண்டுகளும், மணமாகாதவர்கள் பத்தாண்டுகளும் இடையறாது இலங்கையில் வாழ்ந்ததை மெய்ப்பித்தால் பதிவு வழியே குடியுரிமை பெறலாம் என அது கூறியது. பொன்னம்பலம் இதனை ஆதரித்தார், செல்வநாயகம் எதிர்த்தார். 1949இல் மூன்றாவதாக வந்த தேர்தல் திருத்தச் சட்டம், குடியுரிமை இல்லாதவர்களின் வாக்குரிமையையும் நீக்கியது.

பொன்னம்பலத்தின் நிலைப்பாட்டுக்கும் ஒரு தருக்கம் இருந்தது. அரசுக்குள் இருந்தால் வடக்குக்கும் கிழக்குக்கும் தொழிற்சாலைகளையும் வேலைவாய்ப்பையும் பெற்றுத் தரலாம்; எதிர்ப்பில் நின்றால் எதுவும் கிடைக்காது என்பது அது. காங்கேசன்துறைச் சிமெந்துத் தொழிற்சாலை அக்காலத்தின் விளைவே. செல்வநாயகத்தின் தருக்கம் வேறு. இன்று குடியுரிமையில் தொழிலாளரைப் பிரித்தெடுக்கும் அரசு நாளை மொழியில் ஏனைய தமிழரையும் பிரித்தெடுக்கும் என அவர் கருதினார். ஒரு பிரிவினரின் உரிமையை விட்டுக்கொடுத்து மற்றொரு பிரிவினரின் நன்மையைப் பெறுவது, பெறும் நன்மையையும் நிலையற்றதாக்கும் என்பது அவர் கணிப்பு.

கு. வன்னியசிங்கம், இ. மு. வி. நாகநாதன் ஆகியோருடன் தமிழ்க் காங்கிரசிலிருந்து விலகிய அவர், 1949 டிசம்பர் 18ஆம் நாள் கொழும்பு மருதானையில் நடந்த கூட்டத்தில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இலங்கை ஒரே நாடாக, கூட்டாட்சி அமைப்பில் இயங்க வேண்டும் என்பது அக்கட்சியின் கொள்கை. சுவிட்சர்லாந்து, கனடா ஆகிய நாடுகளில் பல மொழியினர் ஒரே ஆட்சியின் கீழ்ச் சமமாக வாழ்வதற்குக் கூட்டாட்சி வழிசெய்திருந்தது. அதே காலத்தில் இந்திய அரசியலமைப்பு, சிறுபான்மையினரின் மொழி, பண்பாடு, கல்வி நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு 29, 30ஆம் உறுப்புகளில் காப்பளித்தது. செல்வநாயகம் தேடிய வழி உலகில் முன்னோடி இல்லாத ஒன்றன்று.

1952 தோல்வியும் சமயமும்

புதிய கட்சிக்கு யாழ்ப்பாண வாக்காளர்கள் உடனே ஆதரவளிக்கவில்லை. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழரசுக் கட்சி இரண்டே இடங்களைப் பெற்றது. செல்வநாயகமே காங்கேசன்துறையில் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசனிடம் தோற்றார். அவருடைய கிறித்தவ சமயம் அவருக்கு எதிராகப் பேசப்பட்டது. மலையகத் தொழிலாளரின் குடியுரிமை என்பது யாழ்ப்பாணத்து நிலவுடைமைச் சமூகத்துக்குத் தொலைவான சிக்கலாகவே இருந்தது.

இத்தோல்வி இருவகையில் கருதத்தக்கது. வாக்குத் தராத, வாக்கே இல்லாத மக்களுக்காகத் தாம் வகித்த இடத்தை இழக்க ஓர் அரசியலாளர் முன்வந்தார் என்பது ஒன்று. பெரும்பான்மையினரின் இனவாதத்தைக் கண்டித்த அதே தமிழ்ச் சமூகம், தனக்குள் இருந்த சமயச் சிறுபான்மையினர் ஒருவரைச் சமயத்தின் பெயரால் ஐயுற்றது என்பது மற்றொன்று. ஆயினும் நான்கே ஆண்டுகளில் அச்சமூகம் அவரையே தன் தலைவராக ஏற்றுக்கொண்டது. ஒரு கிறித்தவரை இந்துப் பெரும்பான்மைச் சமூகம் இருபதாண்டுகளுக்கு மேல் தந்தை என அழைத்துப் பின்பற்றியது, சமய வேறுபாட்டைக் கடந்து அமையும் தேசியம் இயலக்கூடியதே என்பதற்குச் சான்றாகிறது.

மொழிச் சட்டமும் உடன்படிக்கைகளும்

1956இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசு சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. செல்வநாயகத்தின் கணிப்பு எட்டாண்டுகளில் மெய்யாயிற்று. அவ்வாண்டுத் தேர்தலில் தமிழரசுக் கட்சி பத்து இடங்களை வென்றிருந்தது. சட்ட முன்வரைவு அவைக்கு வந்த சூன் 5ஆம் நாள், அவரும் தோழர்களும் கொழும்பு காலிமுகத் திடலில் சத்தியாக்கிரகம் இருந்தனர், கும்பலால் தாக்கப்பட்டனர். தாக்கியவர்களை எதிர்த்து அவர்கள் கை ஓங்கவில்லை.

அவ்வாண்டு ஆகஸ்டில் திருகோணமலையில் கூடிய கட்சி மாநாடு நான்கு கோரிக்கைகளை வகுத்தது. கூட்டாட்சி அரசியலமைப்பு, இரு மொழிக்கும் சம தகுதி, குடியுரிமைச் சட்டங்களைத் திருத்தி மலையகத் தமிழருக்கு உரிமை வழங்குதல், வடக்கு கிழக்கில் அரசு நடத்தும் குடியேற்றங்களை நிறுத்துதல் என்பன அவை. கட்சி தொடங்கியதன் காரணம் இன்னும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது.

1957 சூலை 26ஆம் நாள் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தனர். தமிழ் தேசியச் சிறுபான்மையினரின் மொழியாக ஏற்கப்படும். வடக்கிலும் கிழக்கிலும் நிருவாகம் தமிழில் நடைபெறும். பிரதேச சபைகள் அமைக்கப்பட்டு அவற்றுக்கு நிலம், குடியேற்றம் முதலியவற்றில் அதிகாரம் தரப்படும் என்பன அதன் கூறுகள். பௌத்த பிக்குகள் பிரதமரின் இல்லத்தின் முன் அமர்ந்து எதிர்த்ததைத் தொடர்ந்து, 1958 ஏப்ரலில் பண்டாரநாயக்கா அதனைக் கைவிட்டார். அடுத்த மாதமே நாடெங்கும் வன்முறை வெடித்தது. தாக்கப்பட்ட இனத்தின் தலைவர்களே தடுப்புக்காவலில் வைக்கப்பட்டனர். 1961 பிப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் தொடங்கிய சத்தியாக்கிரகம் வடக்கு கிழக்கு முழுவதும் பரவியது. ஏப்ரலில் அவசரநிலை அறிவிக்கப்பட்டுச் செல்வநாயகம் உள்ளிட்டோர் பனாகொடை படைமுகாமில் அடைக்கப்பட்டனர். 1965 மார்ச் 24ஆம் நாள் டட்லி சேனநாயக்காவுடன் செய்துகொண்ட இரண்டாம் உடன்படிக்கை மாவட்ட சபைகளை உறுதியளித்தது. அதுவும் நிறைவேறவில்லை. அவ்வரசில் தமிழரசுக் கட்சி பங்கேற்றபோதும் செல்வநாயகம் தமக்கென அமைச்சுப் பதவி எதனையும் ஏற்கவில்லை.

உடன்படிக்கைகளில் விடுபட்ட இடம்

செல்வநாயகத்தின் வாழ்வைப் போற்றும் நூல்கள் பெரும்பாலும் உடன்படிக்கைகள் முறிக்கப்பட்டதையே எடுத்துரைக்கின்றன. அவை நிறைவேறியிருந்தால் மலையகத் தமிழருக்கு என்ன கிடைத்திருக்கும் என்னும் வினா குறைவாகவே எழுப்பப்படுகிறது. 1957 உடன்படிக்கையில் குடியுரிமைச் சிக்கல் விரைவில் கருதிப் பார்க்கப்படும் என்னும் அளவில் நின்றது. 1965 உடன்படிக்கையின் கூறுகளில் அது இடம்பெறவே இல்லை. கோரிக்கை மேடையில் முன்வரிசையில் இருந்தது, பேச்சுவார்த்தை மேசையில் பின்வரிசைக்குச் சென்றது.

இவ்விரண்டு உடன்படிக்கைகளுக்கும் இடையே, 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். பதிவுச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டு, ஏறத்தாழ 1,34,000 பேரே குடியுரிமை பெற்றிருந்த நிலை அது. நாடற்றோராகக் கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். தொழிலாளர்களின் விருப்பம் முன்கூட்டிக் கேட்கப்படவில்லை. தமிழரசுக் கட்சி இவ்வொப்பந்தத்தை எதிர்த்தது. ஆனால் அதனை நடைமுறைப்படுத்தும் சட்டம் 1967இல் இயற்றப்பட்டபோது அக்கட்சி ஆளுங்கூட்டணியில் இருந்தது.

இதனைக் கொள்கைத் துரோகம் என்று சுருக்கிவிடுதல் பொருந்தாது. நிலப்பரப்பை அடிப்படையாகக் கொண்ட தன்னாட்சி என்னும் தீர்வே மலையக மக்களுக்கு முழுமையாகப் பொருந்தாத ஒன்று. அவர்கள் வாழ்ந்தது வடக்கிலோ கிழக்கிலோ அன்று. சிங்களர் பெரும்பான்மையாக வாழும் மத்திய மலைநாட்டில். பிரதேச சபைகள் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் அதிகாரம் தரும்; அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் அவற்றால் பயனில்லை. நிலவழி உரிமையும் குடிவழி உரிமையும் வேறானவை என்பதைச் செல்வநாயகத்தின் திட்டம் முழுமையாக எதிர்கொள்ளவில்லை. மலையக மக்களுக்கு இவற்றில் உடனடியாகத் தேவைப்பட்டது இரண்டாவது உரிமையே.

சிறுபான்மைக்குள் சிறுபான்மை

தமிழரசுக் கட்சி தமிழர் என்ற சொல்லோடு நில்லாமல் தமிழ் பேசும் மக்கள் என்னும் தொடரைத் தன் அரசியல் வழக்கில் நிலைநிறுத்தியது. கிழக்கின் முஸ்லிம்களையும் மலையகத் தொழிலாளர்களையும் வடக்கின் இந்துக்களையும் கிறித்தவர்களையும் மொழியால் ஒன்றிணைக்கும் முயற்சி அது. 1956இல் கல்முனையிலும் பொத்துவிலிலும் முஸ்லிம் வேட்பாளர்கள் அக்கட்சியின் சார்பில் வென்றனர். பின்னர் அவர்கள் அரசின் பக்கம் சென்றனர். மொழி ஒன்றாயினும் முஸ்லிம்கள் தம்மைத் தனிப் பண்பாட்டினராகவே கருதினர் என்பதை இது உணர்த்துகிறது. பிறரை அணைத்துக்கொள்ளும் பெயரே, அவர்கள் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயரை மறைத்துவிடவும் கூடும்.

சாதிச் சிக்கலில் இன்னும் கூர்மையான சோதனை எழுந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னும் யாழ்ப்பாணத்துக் கோயில்களிலும் தேநீர்க் கடைகளிலும் ஒடுக்கப்பட்டோருக்கு இடம் மறுக்கப்பட்டது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் நுழையும் உரிமைக்காகப் போராட்டம் நடந்தது. அக்கோயில் செல்வநாயகத்தின் தொகுதிக்குள் இருந்தது. தமிழரசுக் கட்சி தீண்டாமையைக் கொள்கையளவில் எதிர்த்தபோதும், அப்போராட்டத்தில் உறுதியாகத் துணைநிற்கவில்லை என்னும் விமர்சனம் இன்றளவும் தொடர்கிறது. இந்துக் கோயில் விவகாரத்தில் ஒரு கிறித்தவர் தலையிடுவதன் இடர்ப்பாடு புரிந்துகொள்ளத்தக்கது. ஆயினும், வாக்குத் தராத மலையக மக்களுக்காக 1949இல் தம் கட்சியையே துறந்த ஒருவரிடம், தம் தொகுதியின் ஒடுக்கப்பட்ட மக்கள் அதே துணிவை எதிர்பார்த்திருப்பர் என்பதும் மறுக்கவியலாதது. மலையகத் தொழிலாளர்களுள் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பதை நினைவிற்கொண்டால், குடியுரிமையும் கோயில் நுழைவும் ஒரே வினாவின் இரு வடிவங்கள் என்பது விளங்கும்.

இறுதிக் காலம்

1972 மே 22ஆம் நாள் நடைமுறைக்கு வந்த குடியரசு அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது. சிங்களத்தை ஆட்சிமொழியாக அரசியலமைப்பிலேயே நிலைநிறுத்தியது. பழைய 29ஆம் பிரிவின் காப்பைக் கைவிட்டது. சில நாள்களுக்கு முன்னரே தமிழரசுக் கட்சி, தமிழ்க் காங்கிரஸ், இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆகியன இணைந்து தமிழர் கூட்டணியை அமைத்திருந்தன. குடியுரிமைச் சிக்கலால் 1949இல் பிரிந்த செல்வநாயகமும் பொன்னம்பலமும், மலையகத் தலைவர் சௌ. தொண்டமானும் ஒரே மேடையில் நின்றனர்.

புதிய அரசியலமைப்பைத் தமிழ் மக்கள் ஏற்கவில்லை என்பதை மெய்ப்பிக்க, 1972 அக்டோபரில் செல்வநாயகம் தம் நாடாளுமன்ற இடத்தைத் துறந்து இடைத்தேர்தலை எதிர்கொள்ள முன்வந்தார். அரசு அத்தேர்தலை 1975 பிப்ரவரி 6 வரை தள்ளிப்போட்டது. அவர் 16,470 வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றார். 1976 மே 14ஆம் நாள் வட்டுக்கோட்டைத் தொகுதியில் கூடிய தமிழர் விடுதலைக் கூட்டணி மாநாடு தனியரசுத் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஒரே நாட்டுக்குள் சமத்துவம் என்று கால் நூற்றாண்டு பேசியவர், அதற்கு வழியில்லை என்னும் முடிவுக்கு முதுமையில் வந்தார். இத்தீர்மானத்திலிருந்து இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் விலகி நின்றது. வடக்கும் கிழக்கும் பிரிந்தால் மலைநாட்டில் வாழும் தம் மக்கள் இன்னும் தனித்த சிறுபான்மையினர் ஆவர் என்பதே அதற்குக் காரணம். எந்த மக்களுக்காகச் செல்வநாயகம் தம் பயணத்தைத் தொடங்கினாரோ அந்த மக்கள் அப்பயணத்தின் இறுதிக் கட்டத்தில் உடன்வர இயலவில்லை. 1977 ஏப்ரல் 26ஆம் நாள் அவர் மறைந்தார். யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு அருகே அவருக்கு நினைவுத்தூண் எழுப்பப்பட்டுள்ளது.

முடிவுரை

செல்வநாயகத்தின் அரசியல் வாழ்விலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம்.

முதலாவது, சமத்துவத்தைப் பகுதி பகுதியாகப் பெறவியலாது. மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனபோது பேசாதிருந்தால் தம் உரிமை நிலைக்கும் என்று கருதியோர் எட்டே ஆண்டுகளில் மொழியுரிமையை இழந்தனர். செல்வநாயகத்தின் 1948ஆம் ஆண்டு நிலைப்பாடு அறச்சார்பானது மட்டுமன்று. அரசியல் கணிப்பாகவும் சரியானது.

இரண்டாவது, சட்டத்தின் வாசகம் எவரையும் பெயர் சொல்லாமலே ஒரு மக்களினத்தை விலக்கிவிட முடியும். ஆதலின் சிறுபான்மையினர் காப்பை விளைவின் அடிப்படையில் அளக்க வேண்டும். இலங்கை இதனை ஏற்க நெடுங்காலமாயிற்று. 1987இல் தமிழும் ஆட்சிமொழியாக்கப்பட்டது. நாடற்றோரில் எஞ்சியிருந்தோருக்கு 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் குடியுரிமை வழங்கின. 1948இல் செல்வநாயகம் கேட்டது முழுமையாகக் கிடைக்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

மூன்றாவது, சமத்துவம் கோரும் சிறுபான்மைத் தேசியமும் அதே அளவுகோலால் அளக்கப்பட வேண்டும். முஸ்லிம்களின் தனித்தன்மையிலும் சாதி ஒடுக்குமுறையிலும் செல்வநாயகத்தின் இயக்கம் தளர்ந்த இடங்களைச் சுட்டுவது அவர் புகழைக் குறைப்பதாகாது. அவரே நிறுவிய அளவுகோலை அவருக்கும் பொருத்திப் பார்ப்பதே அவருக்குச் செய்யும் நேர்மை.

ஒப்பந்தத்தின்படி இந்தியா திரும்பியோர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலும் தமிழகத்தின் பல மாவட்டங்களிலும் குடியமர்ந்தனர். இலங்கையில் இந்தியத் தமிழர் எனப்பட்ட அவர்கள் இங்கே சிலோன்காரர்கள் எனப்பட்டனர். சேலத்திலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் முன்னோர் சென்ற வழியில் திரும்பி வந்த பேரர்களுக்கு, முன்னோரின் ஊரும் அயலூராகவே இருந்தது. அவர்கள் எவ்வாறு ஏற்கப்பட்டனர் என்பதை ஊர்வாரியாக ஆராய்வது தமிழகத்து ஆய்வாளர்களின் கடமையாகும். செல்வநாயகம் இலங்கை அரசிடம் எழுப்பிய வினா அவ்வாய்வின் வழியே நம்மிடமும் எழும்.